கண்ணை மூடிப் பத்து விநாடி

இடது காலில் முப்பது விநாடி நின்று முடித்தாயிற்று. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, அது கத்தி படாத கால், நாற்பத்தேழு வருஷமாக ஒரு குறையும் சொல்லாமல் கூடவே வருகிற கால், அது நிற்காமல் பின்னே என்ன செய்யும். ஆனாலும் குற்றாலிங்கத்துக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் டிரிப்பில் சில்லறைத் தகராறு இல்லாமல் பேட்டை தாண்டினால் வருமே, அந்த அளவுக்கு. "இப்ப வலது கால் அண்ணாச்சி. அவசரமே இல்ல" என்றாள் ஜெபமலர். பிசியோதெரபி படித்த பெண், இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும், கையில் வாட்ச், கழுத்தில் அளவு டேப். அவசரமில்லை என்று இவள் சொல்கிறாள், இவளுக்கு என்ன, காத்துக் கிடப்பவனுக்கு ஏழு மாதம். ஏழு மாதத்துக்கு முன்னால் வீரவநல்லூர் ஸ்டாப்பில் பஸ் படியிலிருந்து விழுந்து, வலது முழங்காலுக்குள்ளே ஜவ்வு அறுந்து, தொடைப் பக்கத்திலிருந்து நரம்பு எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். ஜவ்வு என்கிறார்கள், நரம்பு என்கிறார்கள், தசைநார் என்று இந்தப் பெண் சொல்கிறாள், எதுவோ ஒன்று, நிற்க வைத்தால் சரி. இன்றைக்கு இந்தப் பரீட்சையில் தேறினால் இவள் ஆஸ்பத்திரி டாக்டருக்கு எழுதித் தருவாள், டாக்டர் கையெழுத்துப் போடுவார், அவன் மறுபடியும் பாபநாசம் வண்டியில் கண்டக்டராக ஏறலாம். தேறவில்லை என்றால் டெப்போ நேரக்காப்பாளர் அறையில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதிக்கொண்டே ரிட்டயர் ஆக வேண்டியதுதான். மூன்று மாதமாக அதைத்தான் செய்கிறான். போகிற வண்டியின் முதுகைப் பார்க்கிற உத்தியோகம், சீ.

வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கினான். மேல்நோக்கிப் போகிற தழும்பு கைலிக்குள் இழுத்தது. அரை டவுசர் போட்டு வாங்க என்று போன வாரமே சொல்லியிருந்தாள், இந்த வயசில் அரை டவுசரா என்று பெண்டாட்டி செண்பகம் சிரித்த சிரிப்பில் கைலிக்கு உள்ளே போட்டுக்கொண்டு வந்து, இப்போது கைலியை மடித்துக் கட்டி நிற்கிறான். "எதையாவது ஒண்ணப் பாத்துக்கிட்டே நில்லுங்க, பார்வைய அலைய விடாதீங்க." எதைப் பார்ப்பது? எதிர்ச் சுவரில் நாள்காட்டி, அதில் நேற்றைய தேதி. கிழிக்காமல் விட்டிருக்கிறார்கள். இவ்வளவு படித்த பிள்ளைகள் நாலு பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு தாளைக் கிழிக்க ஆளில்லை. பத்தொன்பது வருஷமாக அவன் பார்வை ஒரு இடத்தில் நின்றதில்லை, முன்படியில் ஏறுவது யார், பின்படியில் இறங்குவது யார், டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் பக்கம் தூங்குவது போல நடிப்பது யார் என்று அலைந்தே பழகிய கண். அதைப் போய் நேற்றைய தேதியில் ஆணியடித்தது போல வை என்றால் எப்படி. நேற்று செவ்வாய். நேற்று ராத்திரி தூங்கவேயில்லை. "அண்ணாச்சி, சாயுதீங்க." எங்கே சாய்கிறேன்? பார்த்தால் வலது இடுப்பு தானாகப் போய், பிடித்து நடக்கப் பக்கத்தில் போட்டிருக்கிற கம்பியில் ஒட்டியிருக்கிறது. அடச்சே. அவனுக்கே தெரியாது. ஓடுகிற வண்டியில் கண்டக்டருக்குக் கம்பியைப் பிடிக்கக் கை கிடையாது, ஒரு கையில் டிக்கெட் மெஷின், ஒரு கையில் சில்லறை, அக்குளில் பை, அதனால் இடுப்பை சீட்டு முனையில் கொடுத்து நிற்பான், இடுப்புதான் அவனுக்கு மூன்றாவது கால். "கம்பியத் தள்ளி நில்லுங்க, மறுபடி மொதல்ல இருந்து." சின்னப் பிள்ளையில் பரீட்சை ஹாலில் பிட்டுடன் பிடிபட்டது போல முகம் சூடாகிவிட்டது. தள்ளி நின்றான். நின்றான். நேற்றைய தேதி லேசாக ஆடியது, பிறகு நின்றது. முப்பது என்றாள் ஜெபமலர். கால் நின்றுவிட்டது! அறுத்துத் தைத்த கால், பக்கத்தில் ஒரு ஆதரவும் இல்லாமல் முப்பது எண்ணும் வரைக்கும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு தரையில் மஞ்சள் டேப்பால் மூன்று பக்கம் நீட்டி ஒட்டிய கோடுகள். ஒரு காலில் நின்றுகொண்டு அடுத்த கால் விரலை ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது என்று அளந்தாள். முன்னால் நீட்டுவது சுலபம். பின்னால் குறுக்கே நீட்டும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கப் பார்த்தது, ஏ கழுதை நேரா நில்லு என்று அதை மனசுக்குள் அதட்டினான், அதுவும் கேட்டது. கால் விரல் நகத்தை செண்பகம் நேற்றே வெட்டிவிடச் சொன்னாள், அந்தப் புள்ள பாத்தா என்ன நெனைக்கும் என்று, நல்லவேளை வெட்டினான். அவள் வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் தண்ணீர் பாட்டிலும் ஆஸ்பத்திரி ஃபைலும். இரண்டு காலுக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மி, இது போதும் என்று ஜெபமலர் சிரித்தபடி எழுதிக்கொண்டாள். அவள் சிரிக்கச் சிரிக்க அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏனென்றால் காலைப் பற்றி அவனுக்குக் கவலையே கிடையாது. கால் என்ன, தைத்தால் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு வீரவநல்லூரில் விழுந்ததற்கு ஒரு கிழவி மூட்டையோடு இடித்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான், டெப்போவில், டாக்டரிடம், செண்பகத்திடம். இடிக்கவேயில்லை. பாவம் அந்தக் கிழவி உள்ளே போய் சீட்டில் உட்கார்ந்தாகிவிட்டது. பின்படியில் கடைசி ஆளையும் ஏற்றிவிட்டுக் கீழ்ப்படியில் நின்றான், நின்றவனுக்குக் காலுக்குக் கீழே எல்லாம் இல்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான். தலை முன்னால் போயிற்று, உடம்பு அதன் பின்னால் போயிற்று, ரோட்டில் வலது கால் திருகி ஊன்றியபோது உள்ளே டப்பென்று ஒரு சத்தம். நின்ற இடத்தில் நின்ற மனுஷன் ஏன் விழுவான்? தலைதான். வேறென்ன.

அண்ணன் முப்பிடாதிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சேரன்மகாதேவியில் தையல் கடை வைத்திருந்தவன், நாற்பத்தெட்டு வயதில் ஒருநாள் கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தவன் அப்படியே சாய்ந்தான். காது நரம்பில் கோளாறு என்றார்கள். இப்போதும் மாதத்துக்கு இரண்டு தடவை கட்டிலைப் பிடித்துக்கொண்டு, வீடு சுத்துதுடா, என்னப் பிடிச்சுக்கோடா என்று அலறுவான். ஒரே ரத்தம். அண்ணனுக்கு நாற்பத்தெட்டு என்றால் தம்பிக்கு நாற்பத்தேழில் வரக்கூடாதா? அண்ணன் உட்கார்ந்து தைக்கிற ஆள், தம்பி ஓடுகிற வண்டியில் நிற்கிற ஆள். தலை சுற்றுகிறது என்று வாயைத் திறந்தால் போதும், ஒரேயடியாக லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. ஏழு மாதமாக எல்லோரும் காலைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், அளந்தார்கள், மடக்கினார்கள், அவன் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு அதை யாரும் பார்த்துவிடாமல் பத்திரமாக நடந்தான். "அடுத்தது கண்ணை மூடிக்கிட்டு" என்றாள் ஜெபமலர். வந்துவிட்டது. போன வாரமே இதைச் சொல்லியிருந்தாள், அதனால்தான் நேற்றுத் தூக்கமில்லை. முதலில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். மூடினான். இருட்டுக்குள் ஏதாவது சுழல்கிறதா என்று தேடினான், அப்படித் தேடினால் இல்லாததும் சுழலும். ஒன்றும் நடக்கவில்லை. முப்பது என்றாள். சரி, இரண்டு கால், கொல்லையில் நிற்கிற வாழைகூட நிற்கும், இதை நம்பக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"இப்ப வலது கால்ல மட்டும். கண்ண மூடிப் பத்து விநாடி. நான் பக்கத்துலயே நிக்கேன், விழ விட மாட்டேன்." இடது காலைத் தூக்கினான், கண்ணை மூடினான். ஒன்று. கணுக்கால் படபடவென்று அடித்துக்கொண்டது, மீன் துள்ளுகிற மாதிரி. இரண்டு. இருட்டில் என்ன செய்வது, தெரிந்த இடத்துக்குப் போய்விடலாம், வண்டியில் ஏறிவிடலாம். சுத்தமல்லி விலக்கு, மேடு பள்ளம், பத்தமடை வளைவில் எல்லோரும் இடது பக்கம் சாய்வார்கள், அவன் மட்டும் வலது பக்கம். கண்ணை மூடிக்கொண்டே வண்டி எந்த ஊரில் போகிறது என்று பாதத்தால் சொல்லுவான், டிரைவர் மைதீனோடு அதற்குப் பந்தயமே உண்டு, மைதீன் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. நான்கு. அடடா நிற்கிறேனே, நிற்கிறேன். ஐந்து. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் சத்தம், பீ பீ என்று இரண்டு. அவ்வளவுதான், தரை போய்விட்டது. அன்றைக்குப் போலவே, அச்சு அசல் அன்றைக்குப் போலவே, தலை முன்னால் போயிற்று, உடம்பு அதன் பின்னால் போயிற்று, ஐயோ என்று கண்ணைத் திறப்பதற்குள் ஜெபமலரின் கை அவன் தோளில் இருந்தது, அவன் இரண்டு கையும் கம்பியில் இருந்தன.

"பரவால்ல, பரவால்ல அண்ணாச்சி. மொதத் தடவ எல்லாருக்கும் இப்படித்தான்." இவளுக்குத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவன் உட்காரவில்லை, உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க மாட்டோம் என்று தோன்றியது. நெற்றியில் வேர்வை. முடிந்தது கதை. தலைதான். ஏழு மாதம் ஒளித்து வைத்திருந்தது இதோ வெளியே வந்து நிற்கிறது, அண்ணனின் கட்டில், அண்ணனின் அலறல், டெப்போ அறையில் அந்த நீள நோட்டு, வண்டிகள் ஒவ்வொன்றாக முதுகைக் காட்டிக்கொண்டு போவது. வயசான பிறகு போகட்டும் என்றால் சரி, இப்போதே போ என்றால் எங்கே போவது? நின்று பழகிய மனுஷனை உட்காரவைத்தே சாகடிப்பதா? வெளியே செண்பகம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அவளிடம் என்ன சொல்வது. "மேடம்" என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "கால் இல்ல மேடம். எனக்குத் தலையிலதான் கோளாறு." சொல்லிவிட்டான். எப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை, ஏழு மாதம் அழுத்தி வைத்தது இந்தச் சின்னப் பெண்ணிடம் போய்க் கொட்டிவிட்டது. கிழவி இடிக்காததையும் சொன்னான், தரை இல்லாமல் போனதையும் சொன்னான், அண்ணனைச் சொன்னான். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

கேட்டு முடித்துவிட்டு அவள் திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. படுக்கையில புரண்டா சுத்துதா, காதுல இரைச்சல் உண்டா, குனிஞ்சு நிமிந்தா எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இல்ல, இல்ல, இல்ல. "இத்தன மாசத்துல ஒரு தடவையாவது வீடு சுத்திருக்கா?" யோசித்தான். நேர்மையாகச் சொன்னால், பயந்தது ஆயிரம் தடவை, சுற்றியது ஒரு தடவைகூட இல்லை. "தலையிலயோ காதுலயோ கோளாறுன்னா இப்பம் ரெண்டு காலையும் சேத்து வச்சுக் கண்ண மூடச் சொன்னேன்லா, அப்பவே ஆடியிருக்கும். நீங்க அசையல. உங்க மனசு ஆறதுக்கு வேணா காது டாக்டர ஒருக்க பாத்துருவோம். ஆனா எனக்கு அப்படித் தெரியல" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைதானத்தில் மறுபடியும் விசில், பீ பீ. குற்றாலிங்கத்தின் குதிகால் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. மார்பு முன்னால் சாய்ந்தது. இடுப்பு பக்கவாட்டில் சீட்டைத் தேடியது. கண் முழித்திருக்க, வெயில் அடிக்க, சுவரில் நேற்றைய தேதி தொங்க, அவன் உடம்பு தானாக எங்கேயோ புறப்பட்டுப் போனது. "எங்க போறீங்க அண்ணாச்சி?" என்று கையை நீட்டினாள் ஜெபமலர். அவன் அவளைப் பார்த்தான். "வண்டி கெளம்புது மேடம்" என்றான்.

ஒரு விசில் ஊதினால் நிறுத்து, இரண்டு விசில் ஊதினால் எடு. பத்தொன்பது வருஷமாக, ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது, இரண்டு விசில் ஊதிய உடனே வண்டி குலுக்கி இழுக்கும், நிற்கிறவன் பின்னால் சாய்வான், அதனால் கண்டக்டர் அது இழுக்கும் முன்னாலேயே உடம்பை முன்னால் கொடுத்துவிடுவான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவனும் நினைத்துச் செய்ததில்லை. அன்றைக்கு வீரவநல்லூரில் கீழ்ப்படியில் நின்று இரண்டு விசில் ஊதினான். ஊதினான்தானே? ஊதினான், விசில் பல்லில் இடித்தது ஞாபகம் இருக்கிறது. உடம்பை முன்னால் கொடுத்தான். வண்டி இழுக்கவில்லை! மைதீன் ஓடி வந்து ரோட்டில் மண்டியிட்டு, "வண்டி ஆஃப் ஆயிட்டு மாப்ள, எல்லாம் என்னாலதான்" என்று அழுதானே, ஆஸ்பத்திரியில் அதையே சொன்னான், வீட்டுக்கு ஆரஞ்சு வாங்கி வந்தபோதும் அதையே சொன்னான், கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், விடு மாமா, உன் வண்டி எப்பம்தான் ஒழுங்கா ஓடிச்சு என்று இவன்தான் அவன் வாயை அடைத்தான். அந்த மனுஷன் காரணத்தைக் கையில் வைத்து நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறான், இவன் அண்ணனின் காதைப் போய்த் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். தரை எங்கேயும் போகவில்லை. தரை நின்ற இடத்தில்தான் நின்றது, போனது இவன். குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு வாய் வழியாக, பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கண்ணில் தண்ணீர் வர. மூச்சு வாங்க வாங்க விசிலையும் வண்டியையும் சொன்னான், ஜெபமலருக்குப் பாதி புரிந்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏ பைத்தியக்கார உடம்பே, ஏழு மாசம் என்னப் போட்டு இப்படிப் படுத்திட்டியே என்று அதைக் கொஞ்சிக் கொஞ்சித் திட்டினான்.

"மறுபடி பாப்பமா? ஜன்னல மூடிருதேன்" என்றாள் ஜெபமலர். மூடினாள். அவன் கம்பியிலிருந்து இரண்டடி தள்ளி வந்து நின்றான். இடது கால் மேலே. இமை கீழே. ஒன்று. இந்த முறை வண்டி வேண்டாம், பத்தமடை வேண்டாம். இது தரை. சிமெண்டுத் தரை, குளிர்ச்சியாக இருக்கிறது, இது எங்கேயும் கிளம்பாது, இதற்கு டிரைவர் கிடையாது. நான்கு. கணுக்கால் துள்ளுகிறது, துள்ளட்டும், அது அதன் வேலையைப் பார்க்கிறது என்று போன வாரம் இவள்தான் சொன்னாள். தலைக்குள் போய்ப் பார்த்தான். ஏழு மாதமாக எட்டிப் பார்க்கப் பயந்த இடம். அங்கே ஒன்றுமே இல்லை, சுழல்வது இல்லை, இரைவது இல்லை, இருட்டு மட்டும் சும்மா இருந்தது. ஏழு. எட்டு. மைதீனுக்குப் போன் பண்ண வேண்டும், மாமா உன் ஓட்ட வண்டிதான் என்னத் தள்ளுச்சு என்று சொன்னால் என்ன கத்துக் கத்துவான். "பத்து" என்றாள் ஜெபமலர். "பத்து ஆயிட்டு அண்ணாச்சி." அவன் காலைக் கீழே வைக்கவில்லை. வைக்க மனசில்லை. "வெளிய எங்க வீட்டுக்காரி உக்காந்திருக்கா மேடம். அவள உள்ள கூப்பிடுங்க" என்றான், கண்ணைத் திறக்காமல். கதவு திறக்கிற சத்தம், ஜெபமலர் என்னமோ சொல்கிற சத்தம், செண்பகத்தின் செருப்புச் சத்தம் வாசலோடு நின்றது. உள்ளே வரவில்லை. பாட்டிலில் தண்ணீர் குலுங்கியது. பிறகு அவள் ஜெபமலரிடம், ரகசியம் மாதிரி, ஆனால் அவனுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்: "கண்ண மூடிக்கிட்டா நிக்காங்க?"

"ஆமாக்கா. கண்ண மூடிக்கிட்டுத்தான்."

"அப்பாடா" என்றாள் செண்பகம். அவன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது அவள் வாயிலிருந்து வந்தது, மூச்சு முழுசும் அதில் போய்விட்டது. "ஏழு மாசமா மூஞ்சிக்கு சோப்புப் போடும்போதுகூட கண்ண மூட மாட்டாங்கம்மா. முழிச்சுக்கிட்டே கழுவுவாங்க. கண்ணெல்லாம் செவந்துரும். கேட்டா பயந்துருவாங்களேன்னு நானும் கேக்கல." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் குற்றாலிங்கம் கண்ணைத் திறந்து காலைக் கீழே வைத்தான்.